பாதி இறங்கிய ஷட்டர்

அத்தியாயம் ஏழு

தமிழ்கூறு நல்லுலகத்துக்கும், அதை விட்டு வேலை தேடி வெளியே போனவர்களுக்கும், திண்டுக்கல் நகராட்சி எல்லைக்குள் வசிக்கும் சகல ஜீவராசிகளுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: 2003-ஆம் வருடம், ஆவணி மாதத்து ஒரு வியாழக்கிழமையன்று, தாமரைக்கிணற்றுத் தெரு 'ரொனால்டு வீடியோஸ்' என்னும் ஸ்தாபனத்தில் கல்யாண வீடியோ மிக்சிங் செய்வதற்காக வைத்திருந்த கம்ப்யூட்டர், ஸ்விட்சைப் போட்டும் எழ மறுத்துவிட்டது. பொதுமக்கள் அமைதி காக்க வேண்டும்.

அதன் பக்கத்தில் ரொனால்டும் எழ மறுத்துக் கிடந்தான். கேமரா ஸ்டாண்டால் மண்டையைப் பிளந்திருந்தார்கள். ரத்தம் மேஜைக்கடியில் ஓடி வாசல் வரைக்கும் வந்திருந்தது. ஆனால் தெருவில் கூடிய கூட்டம் முதலில் விசாரித்தது கம்ப்யூட்டரைத்தான். "எங்க வீட்டுக் கல்யாணம் உள்ள இருக்கே" என்று மூன்று குடும்பங்கள் அழுதன. ரொனால்டுக்காக அழுதது ஒரே குடும்பம்.

மறுநாள் காலை, போலீஸ் சாவியைக் கொடுத்துவிட்டுப் போன கையோடு, ஸ்டுடியோ வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. பின்சீட்டிலிருந்து இறங்கினார் துப்பறியும் நிபுணர் இளஞ்செழியன். அவருடைய விசிட்டிங் கார்டில் 'சர்வதேசப் புலனாய்வாளர்' என்று பொன்னெழுத்தில் இருக்கும். இதுவரை அவர் புலனாய்ந்த சர்வதேசம் கிழக்கே நத்தம், மேற்கே பழனி. மொபெட்டை ஓட்டி வந்தவள் அவருடைய உதவியாளர் தீபா. ரெட்டியார்சத்திரத்தில் தக்காளி போடும் குடும்பத்துப் பெண். படித்தது பி.காம். பேசுவதில் டாக்டரேட்.

"குற்றம் நடந்த இடம் பேசும், தீபா" என்றார் இளஞ்செழியன், மீசையைத் தடவிக்கொண்டு.

"பேசட்டும் சார். நீங்க மொதல்ல ரத்தத்துல இருந்து காலை எடுங்க."

உள்ளே ஐரின் உட்கார்ந்திருந்தாள். ரொனால்டின் தங்கை. ஸ்டுடியோவில் டைட்டில் வேலை செய்கிறவள். கேமராமேன் பாக்கியராஜின் மனைவியும் அவளே. அந்த பாக்கியராஜைத்தான் கொலைகாரன் என்று நேற்றே பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள்.

"அண்ணன் ஆஸ்பத்திரி மார்ச்சுவரியில கெடக்கான். வீட்டுக்காரரு ஸ்டேசன்ல கெடக்காரு" என்றாள் ஐரின். அழுகையெல்லாம் முடிந்து குரல் காய்ந்திருந்தது. "வலது கையில ரெண்டு விரலை ஒடிச்சுட்டாங்க சார். கேமரா பிடிக்கிற கை. பொழுது சாயுறதுக்குள்ள ஒத்துக்கிட்டதா எழுதி வாங்கிட்டு மாஜிஸ்ட்ரேட்டு வீட்டுக்குக் கொண்டு போறாங்களாம். அதுக்குள்ள இன்னும் எட்டு விரலு இருக்கு."

இன்ஸ்பெக்டரின் கட்சி மிக எளிமையானது. நேற்று இந்தத் தெரு வழியாக லாரி ஆபீஸ் பெரியவர் ஒருவரின் இறுதி ஊர்வலம் போனது. அதை வீடியோ எடுத்தவன் பாக்கியராஜ். சுடுகாட்டு வேலை முடிந்து ஸ்டுடியோவுக்குத் திரும்பியவன் மச்சானோடு சண்டை போட்டு அடித்துக் கொன்றான். சட்டையில் ரத்தம் இருந்தது. விழுந்து கிடந்த மச்சானை அவன் மடியில் தூக்கிப் போட்டுக் கதறினான் என்பதை இன்ஸ்பெக்டர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

"இந்தக் கம்ப்யூட்டருக்கு என்ன நோவு?" என்றார் இளஞ்செழியன்.

ஐரின் ஸ்விட்சைப் போட்டாள். விளக்கு எரிந்தது. ஃபேன் சுற்றியது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. பீப் என்று ஒரு சத்தம் வரவேண்டும், வரவில்லை. மெமரி கார்டைப் பிடுங்கி அழிரப்பரால் தேய்த்துச் சொருகினாள். கறுப்பு. மானிட்டர் ஒயரை மாற்றினாள். கறுப்பு. இளஞ்செழியன் பெட்டியின் தலையில் ஒரு தட்டு தட்டினார். அதுவும் சர்வதேச முறைதான்.

"பிளாப்பி உள்ளயே இருக்கு பாருங்க" என்றாள் ஐரின். "பயாஸ் ஏத்திட்டு இருந்திருக்கான்."

"பயாஸ்னா?" என்றாள் தீபா.

"கம்ப்யூட்டரு எந்திரிச்ச உடனே, நான் யாரு, எனக்குக் கை எங்க, கால் எங்கன்னு தன்னையே கேட்டுக்கும். அதுக்குப் பதில் ஒரு சின்ன சிப்புல இருக்கு. பழைய டிஸ்க்கு ரொம்பி வழிஞ்சுருச்சுன்னு அண்ணன் பெருசா ஒண்ணு வாங்கினான். அம்புட்டுப் பெருசை இந்த போர்டுக்கு அடையாளம் தெரியல. அதுக்காக சிப்புல இருக்கிறதை அழிச்சுட்டு புதுசு எழுதணும். எழுதுறப்ப நடுவுல கரண்டை நிறுத்தினா முடிஞ்சுச்சு. பழசும் இருக்காது, புதுசும் இருக்காது."

"ஆபரேசனுக்கு மண்டையத் தொறந்து வச்சுட்டு டாக்டரு டீ குடிக்கப் போன மாதிரி."

"அதேதான்."

"கரண்டு போயிருக்கும்" என்றார் இளஞ்செழியன். "நம்மூர்ல போகாத கரண்டா?"

"யூபிஎஸ் இருக்கே சார். மெயின் போனாலும் அதுல ஓடும். என்ன, கீச்சு கீச்சுன்னு தெருவே கேக்குற மாதிரி கத்தும். நேத்து நாங்க வந்து பாக்கிறப்ப மெயின் போட்டிருக்கு, லைட்டு எரியுது. ஆனா யூபிஎஸ்ஸை யாரோ கையால அணைச்சிருக்காங்க."

"ரொனால்டே அணைச்சிருந்தா?"

"பயாஸ் ஏத்துறப்பவா? தும்மக்கூட விடமாட்டான் சார் அவன்."

இளஞ்செழியன் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துக் கதவும் திறந்தது.

வந்தவன் பெயர் சோலைமுத்து என்று பிற்பாடு தெரிந்தது. இப்போதைக்கு அவன் தோள் மட்டும் தெரிந்தது. அது வாசலை அடைத்துக்கொண்டு இருந்தது.

"ஏலே, அந்தக் கம்ப்யூட்டரைக் குடு."

"தம்பி, நான் யார் தெரியுமா?" என்று இளஞ்செழியன் கார்டை நீட்டினார்.

சோலைமுத்து கார்டையும் கையையும் சேர்த்துப் பிடித்து முறுக்கினான். சர்வதேசப் புலனாய்வாளர் ஒரு சுற்று சுற்றி, கேசட் அலமாரியில் போய் மோதினார். அலமாரி அவர்மேல் சாய்ந்தது. எழுந்தவர் முதுகில் ஒரு டியூப்லைட் உடைந்து தூளானது. தீபா பின்னாலிருந்து பாய்ந்து அவன் காதைக் கடித்தாள். அவன் அவள் முடியைப் பற்றிச் சுவரில் ஒரு மோது மோதினான். அவள் வாயிலிருந்து ரத்தம் வந்தது. அவன் காதிலிருந்து அதைவிட அதிகமாக வந்தது. அதற்குள் ஐரின் மேஜையிலிருந்த ஸ்டேப்ளரை எடுத்து அவன் முழங்கையில் வரிசையாக அடித்துக்கொண்டே போனாள். கல்யாண ஆல்பத்துக்கு அடிக்கிற அதே நிதானம்.

சோலைமுத்து அலறிக்கொண்டு மேஜைக்குத் தாவினான். இரண்டு கையாலும் மானிட்டரை மாரோடு அணைத்துத் தூக்கினான். ஒயர் பிய்ந்து தொங்க, தெருவில் இறங்கி ஓடினான்.

கீழே கம்ப்யூட்டர் பெட்டி வைத்தது வைத்தபடி இருந்தது.

"அண்ணே, பாத்துப் போங்க" என்று தீபா வாசலில் நின்று குரல் கொடுத்தாள். "அதுல நெறைய இருக்கு, கீழ போட்டுராதீங்க."

சத்தம் கேட்டு எதிர்க்கடையிலிருந்து தாஹிரா ஓடி வந்தாள். பேகம்பூர்க்காரி, பெண்களுக்குத் தைக்கும் டெய்லர். கையில் பெரிய கத்திரிக்கோல்.

"யா அல்லா, இன்னும் முடியலயா இந்தக் கடையில? ஐரினு, நேத்தும் இப்புடித்தான் டமால்னு ஒரு சத்தம். ஸ்டாண்டைக் கீழ போட்டுட்டான் போலன்னு இருந்துட்டேன். என் புத்தியச் செருப்பால அடிக்கணும்."

"அது எப்ப?" என்றார் இளஞ்செழியன், தலைமுடியிலிருந்து கண்ணாடித் தூளைத் தட்டியபடி.

"கொட்டுச் சத்தம் தூரத்துல கேக்க ஆரம்பிச்சப்ப. செத்த நேரத்துல ஊர்வலம் தெருவுக்குள்ள வந்துருச்சு. எல்லாக் கடையும் போல இங்கயும் ஷட்டர் பாதி எறங்குச்சு, லைட்டு அணைஞ்சுச்சு. உடனே அந்தக் கீச்சான் கத்துச்சு. பொணம் போகையில இதென்ன கருமம்னு நெனைக்கிறேன், அதுவும் டக்குனு நின்னுருச்சு. பரவால்லையே, ரொனால்டுக்கும் மரியாதை தெரிஞ்சுருச்சேன்னு நெனச்சேன்."

ஐரின் மெல்ல எழுந்து நின்றாள்.

இங்கே ஒரு சட்டத்தை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. தாமரைக்கிணற்றுத் தெரு சுடுகாட்டுக்குப் போகிற பாதை. தெருவின் ஒவ்வொரு கடையிலும் ஒரு பலகை உண்டு: 'இறுதி ஊர்வலம் செல்கையில் ஷட்டரைப் பாதி இறக்கி, மெயினை அணைத்து, காலணி கழற்றி நிற்கவும். இங்ஙனம், சேவைச் செம்மல் தங்கமுத்து, தலைவர், வணிகர் நலச் சங்கம்.' செய்தி ஒரு சாண். பெயர் ஒரு முழம். தெரு முழுக்க இதற்குப் பழகிப்போனது. கொட்டுச் சத்தம் கேட்டால் கை தானாக ஷட்டருக்கும் மெயினுக்கும் போகும். மெயினுக்குப் போகாத கை ஒன்றே ஒன்று.

"அண்ணன் ஷட்டரை மட்டும் எறக்குவான், மெயினைத் தொடமாட்டான்" என்றாள் ஐரின். "வேலை ஓடிட்டு இருக்கும், செத்தவருக்கு லைட்டு தெரியவா போகுதுன்னு சங்கத்துலயே சண்டை போட்டவன் சார். அதுவும் பயாஸ் ஏறிட்டு இருக்கிறப்ப அணைக்க விட்டிருக்க மாட்டான்."

"தடுக்குற நெலமையில அவன் இல்ல" என்றார் இளஞ்செழியன். முதல்முறையாக அவர் குரலில் பந்தா இல்லை. "அப்ப அவன் தரையில கெடந்திருக்கான். எல்லாரும் இதுக்குள்ள என்ன இருக்குன்னு தேடுறாங்க தீபா. இது ஏன் செத்துச்சுன்னு யாரும் கேக்கல. கொலைகாரன் அடிச்சுப் போட்டுட்டுத் திரும்புறான், கொட்டுச் சத்தம் வருது. ஷட்டரை எறக்குறான். மெயினை அணைக்கிறான். யூபிஎஸ் கத்துது, பொணத்துக்கு மரியாதை இல்லையேன்னு அதையும் அணைக்கிறான். ஊர்வலம் போனதும் பழக்கப்படி மெயினைப் போட்டுட்டுப் பின்வாசல் வழியாப் போயிடுறான்."

"காலடியில ஒரு பொணத்தைப் போட்டுட்டு, தெருவுல போற பொணத்துக்கு எந்திரிச்சு நின்னிருக்கான்" என்றாள் தீபா, உதட்டைத் துடைத்துக்கொண்டு. "ரொம்பப் பண்பாடான ஆளு சார்."

"அந்த நேரத்துல எங்க வீட்டுக்காரரு பாடைக்கு முன்னாடி கேமராவோட பின்பக்கமா நடந்துக்கிட்டு இருந்தாரு" என்றாள் ஐரின். "ஊரே பாத்துச்சு."

இளஞ்செழியன் இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டு இதையெல்லாம் சொன்னார். பதில் அறை முழுக்கக் கேட்டது.

"ஏன்யா, செத்த மெஷினு சாட்சி சொல்லுமா? கூண்டுல ஏத்தி சத்தியம் வாங்குவியா? ஆளைக் கொண்டா, இல்லேன்னா போனை வையி."

பின்னணியில் யாரோ அலறுவதும் கேட்டது. ஐரின் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு கைப்பையைத் திறந்து கேமராவை எடுத்தாள். பிடித்துக்கொண்டு போகும்போது பாக்கியராஜ் அவள் கையில் திணித்தது. ஊர்வலக் கேசட் உள்ளேயே இருந்தது.

கேமராவின் குட்டித் திரையில் மூன்று தலைகள் கூடின.

பாடைக்கு இடதுபுறம் தங்கமுத்து. மாலை போடும்போது தங்கமுத்து. மாலையைச் சரிசெய்யும்போது தங்கமுத்து. சொந்த மகன் அழுகிறான், அவனைத் தோளால் தள்ளிவிட்டுக் கேமராவைப் பார்த்து அழுவது தங்கமுத்து. இறந்தவரைக் காட்டுவதற்கு பாக்கியராஜ் படாத பாடு பட்டிருந்தான்.

தெருமுனை வந்தது. ஊர்வலம் தாமரைக்கிணற்றுத் தெருவுக்குள் திரும்பியது.

"நிறுத்து" என்றார் இளஞ்செழியன். "தலைவர் எங்க?"

இல்லை. முன்னால் இல்லை, பின்னால் இல்லை. குழந்தையின் காதுகுத்தை எடுக்கும் கேமராவில்கூட முகம் காட்டாமல் விடாதவர், தன் சொந்தத் தெருவில், தான் போட்ட சட்டத்துக்குத் தெருவே தலைகுனிந்து நிற்கிற காட்சியில் இல்லை.

"பிறந்ததுல இருந்து முதல் தடவையா கேமராவை விட்டு விலகியிருக்காரு" என்றாள் தீபா. "இதுக்கே தூக்குல போடலாம் சார்."

படம் நகர்ந்தது. ரொனால்டு வீடியோஸ். இருட்டு. பாதி இறங்கிய ஷட்டர். அதற்குக் கீழே வெள்ளை வேட்டியின் ஓரமும், செருப்பில்லாத இரண்டு பாதங்களும். வலதுகால் பெருவிரலில் ஒரு செம்பு வளையம்.

ஐரின் திரையைத் தொட்டாள். அந்தக் கால்களுக்குப் பின்னால், இருட்டில், அவள் அண்ணன் கிடந்திருப்பான். படம் அதைக் காட்டவில்லை. அடுத்த கடைக்கு நகர்ந்துவிட்டது.

சுடுகாட்டு வாசலில் தங்கமுத்து மறுபடி திரைக்குள் வந்தார். மூச்சிரைத்தது. காலையில் போட்டிருந்த அரைக்கைச் சட்டை முழுக்கையாகியிருந்தது.

"அழுது அழுது கை நீண்டுருச்சு போல" என்றாள் தீபா.

"குடல் எறக்கத்துக்கு செம்பு வளையம் போடுவாங்க" என்றார் இளஞ்செழியன். "ஆனா தலைவர் எப்பவும் ஷூ, சாக்ஸ். அவரு காலை இந்த ஊர்ல யாரும் உத்துப் பாத்ததில்ல. கழட்டுங்கன்னு சொன்னா கழட்டுவாரா?"

"கழட்டுவாரு" என்றாள் ஐரின். "தானாக் கழட்டுவாரு."

அவள் சொன்ன யோசனையை இளஞ்செழியன் கேட்டார், தலையாட்டினார், பிறகு அதைத் தன்னுடைய திட்டம் என்று அறிவித்தார். ஐரின் பின்வாசல் வழியாகக் கிளம்பிப் போனாள். தீபா இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்து, ஸ்டுடியோ வாசலில் பத்திரிகைக்காரர்கள் அவரைப் படம் எடுக்கக் காத்திருப்பதாகச் சொன்னாள். சட்டம் ஒழுங்குக்கு வராதவர் இதற்குக் கட்டாயம் வருவார். இளஞ்செழியன் தங்கமுத்துவுக்குப் போன் போட்டு ஒரே ஒரு வரி சொன்னார்.

"தலைவரே, கம்ப்யூட்டர் எந்திரிச்சுருச்சு. உங்க படம் ஓடுது."

டீ ஆறுவதற்குள் தலைவர் வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பளபளவென்று கறுப்பு ஷூ. கையில் மடித்த பொன்னாடை. உள்ளே வந்ததும் ஷட்டரை முழுக்க இறக்கினார். விளக்கு வெளிச்சத்தில் மேஜையைப் பார்த்தார்.

"ஓடுதுன்னு சொன்னீங்க."

"மானிட்டரை உங்க ஆளு தூக்கிட்டுப் போயிட்டாரு தலைவரே" என்றாள் தீபா. "எதுல ஓட்டுறது?"

"அந்த மடப்பய டிவியத் தூக்கிட்டு வந்து நிக்கிறான்" என்றார் தங்கமுத்து. சொல்லிவிட்டுத்தான் யோசித்தார். யோசித்ததும் பொன்னாடையை உதறினார். அதற்குள்ளிருந்து ஒரு குட்டை அரிவாள் வந்தது.

இளஞ்செழியன் கையைக் குறுக்கே வைத்தார். அரிவாள் முன்கையைக் கிழித்துக்கொண்டு போய் மேஜையில் பதிந்து நின்றது. அதைப் பிடுங்க முடியாமல் தலைவர் காலால் ஒரு உதை விட்டார். தீபா வயிற்றில் வாங்கிக்கொண்டு கேசட் குவியலில் போய் விழுந்தாள். மூச்சு வரவில்லை. தங்கமுத்து மவுஸைப் பிடுங்கி, அதன் ஒயரை இளஞ்செழியன் கழுத்தில் இரண்டு சுற்று சுற்றி, முதுகில் முட்டியை வைத்து இழுத்தார்.

"என் மணிவிழா மேடையில, எங்க அக்கா மாயக்கா என்னையச் செருப்பால அடிச்சா" என்று பல்லைக் கடித்தார். "இடத்தைப் பிரிச்சுக் குடுக்கலயாம். மைக்குக்கு முன்னாடி வச்சு. அதைக் கேமராவுல எடுத்துட்டான் இந்தப் பய. வெட்டுடான்னேன். உள்ள பத்திரமா இருக்கு தலைவரே, ஸ்லோமோஷன்ல பாட்டுப் போட்டுத் தாரேங்கிறான். சிரிக்கிறான்."

"மண்டபமே... பாத்துச்சே" என்று தரையிலிருந்து தீபா திணறினாள்.

"ஊரு மறந்துரும். கேசட்டு மறக்காது."

இளஞ்செழியன் கால்கள் தரையில் உதைத்துக்கொண்டன. முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. கையிலிருந்து ரத்தம் கம்ப்யூட்டர் பெட்டி மேல் சொட்டியது. திட்டப்படி இந்நேரம் வெளியே கொட்டுச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கொட்டுக்காரர்கள் முனைக் கடையில் டீயை வாங்கிவிட்டார்கள், சூடாக இருந்தது.

கடைசியில், இளஞ்செழியனின் கண் மேலே செருகுகிற சமயத்தில், தெருவில் அது எழுந்தது. டண்டணக்க, டண்டணக்க. ஊதுசங்கு ஒரு முறை நீளமாக முழங்கியது.

தங்கமுத்துவின் கை தளர்ந்தது.

அவர் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் முடித்துவிட்டுப் போயிருப்பார். இளஞ்செழியனைக் கீழே விட்டார். ஷட்டருக்குப் போனார். அது முழுக்க மூடியிருந்தது. விதி பாதி என்கிறது. ஆகவே பாதிக்குத் தூக்கினார். மெயினை அணைத்தார். இருட்டில் யூபிஎஸ் கீச்சு கீச்சென்று கத்தியது. குனிந்து அதையும் அணைத்தார். ஷூவைக் கழற்றினார். சாக்ஸைக் கழற்றினார். கைகளைக் கட்டி, தலையைக் குனிந்து நின்றார்.

ஷட்டருக்குக் கீழே, வெளிச்சத்தில், இரண்டு பாதங்கள். வலதுகால் பெருவிரலில் செம்பு வளையம்.

வெளியே ஐரின் ஒரு கையில் கேமராவைப் பிடித்திருந்தாள். நேற்றைய படம் அதில் அப்படியே நின்றிருந்தது. மறுகையால் இன்ஸ்பெக்டரின் சட்டையைப் பிடித்திருந்தாள்.

"பாருங்க" என்றாள். "இங்க பாருங்க. இப்ப அங்க பாருங்க."

இன்ஸ்பெக்டர் இரண்டையும் பார்த்தார். தொப்பியைக் கழற்றி ஒருமுறை தடவிவிட்டு மறுபடி பார்த்தார். உள்ளே இருட்டில் தீபா தவழ்ந்து போய் யூபிஎஸ்ஸை இரண்டு கையாலும் தூக்கினாள். உள்ளே ஈய பேட்டரி, நல்ல கனம். அதை அந்த வளையத்தின் மேலேயே போட்டாள். எலும்பு நொறுங்கிய சத்தம் கொட்டையும் மீறிக் கேட்டது. தலைவர் குனிந்தார். குனிந்தவர் முகத்துக்கு அவள் முழங்கால் காத்திருந்தது. சேவைச் செம்மலின் தங்கப்பல் ஒன்று ஷட்டருக்குக் கீழே உருண்டு தெருவுக்கு வந்தது.

கொட்டு நின்றது. இன்ஸ்பெக்டர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். கடைக்குக் கடை ஷட்டர் பாதி இறங்கி, ஆட்கள் தலைகுனிந்து நின்றிருந்தார்கள். நடுவில் ஒரு கொட்டுச் செட்டு. பாடையைக் காணோம்.

"எங்கய்யா பொணம்?" என்றார்.

செட்டுக்குத் தலைவர் சடையாண்டி மேளத்தை இறக்கி வைத்தார். "நானும் கேட்டேங்கய்யா, யாரு செத்ததுன்னு. இந்தப் புள்ள, இனிமேத்தான்னு சொல்லுச்சு."

சாயங்காலம் பாக்கியராஜை விட்டார்கள். மாவுக்கட்டுப் போட்ட கையோடு ஸ்டேஷன் படியில் இறங்கி, மனைவியைப் பார்த்து, "கேமரா பத்திரமா இருக்கா?" என்று கேட்டான். அவள் அவன் நெஞ்சில் முட்டிக்கொண்டாள். கொலைகாரனைத் தானே பொறி வைத்துப் பிடித்ததாக இன்ஸ்பெக்டர் பேட்டி கொடுத்தார். கழுத்தில் மவுஸ் ஒயர்த் தடத்தோடு படுத்திருந்த இளஞ்செழியனால் பேச முடியவில்லை; இல்லையென்றால் அவரும் அப்படியே பேட்டி கொடுத்திருப்பார். தீபா அந்த நாளை மிக அமைதியான நாள் என்றாள்.

ரொனால்டைச் சனிக்கிழமை புதைத்தார்கள். மாதா கோயில் மணி அடிக்க, சவப்பெட்டி தாமரைக்கிணற்றுத் தெரு வழியாகப் போனது. எல்லாக் கடையும் ஷட்டரைப் பாதி இறக்கியது. எல்லா விளக்கும் அணைந்தது. ரொனால்டு வீடியோஸில் மட்டும் ஐரின் மெயினை அணைத்துவிட்டு யூபிஎஸ்ஸை அணைக்காமல் வந்திருந்தாள். பெட்டி தெருவைக் கடக்கிற வரைக்கும் அது கத்திக்கொண்டே இருந்தது. யாரும் போய் நிறுத்தவில்லை.

அடுத்த வாரம் மதுரையிலிருந்து புது சிப் வாங்கி வந்து போர்டில் சொருகினாள். கம்ப்யூட்டர் பீப் என்றது, எழுந்தது. கோர்ட்டுக்குக் கொடுப்பதற்காகத் தங்கமுத்து செருப்படி வாங்கிய காட்சியை டிஸ்க் முழுக்கத் தேடினாள்.

அது அதில் இல்லை. டிஸ்கில் இடமில்லாததால் ரொனால்டு அதை ஏற்றவே இல்லை. கேசட்டில் இருந்ததன் மேல் கீரனூர்க் காதுகுத்து ஒன்றைப் போன மாசமே எடுத்து முடித்திருந்தான்.